ரம்பத்தின் மூன்றாம் பல்

ஜனவரி 14

என் சுண்டுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகமாக இருக்கிறோம். உன் வயிற்றெரிச்சல் எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடாமல் ஆபீஸில் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தால் குடலும் கல்லாகத்தான் போகும்.

இந்த வருஷம் இங்கே பனி விழவில்லை. பனி விழ வேண்டிய மாதத்தில் மழை கொட்டுகிறது. வெள்ளையாக நிற்க வேண்டிய மலை, நனைந்த எருமை மாதிரிக் கறுப்பாகப் படுத்திருக்கிறது. மேலே பகலில் வழிகிற தண்ணீர் இருட்டியதும் உறைந்துபோகிறது. காலையில் வெயில் பட்டதும் பொலபொலவென்று கல் உதிர்கிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கிறது. விடுதியில் ஒரு ஆள் இல்லை. கம்பளிகளை உதறி மடித்து வைப்பதும், கூரைத் தகரம் ஒழுகுகிற இடத்தில் வாளி வைப்பதும்தான் வேலை. உன் அத்தான் சும்மா உட்கார மாட்டாரே, மலையேறிகளின் பூட்ஸ் வைக்கிற அலமாரியைப் பிரித்துத் திரும்பப் பூட்டிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் நீ போன் பண்ணினாயாமே. நான் கோழிக்கூண்டில் இருந்தேன். அவர்தான் எடுத்தார். லைன் சரியில்லை என்றார். காற்றடித்தால் இங்கே அப்படித்தான். இனிமேல் எழுதிவிடு. பேசினால் காற்றோடு போகும், எழுதினால் இரண்டு தடவை படிப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா

ஜனவரி 30

அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகம் என்று படித்ததில் நிம்மதி. என் வயிறு நேற்று வரைக்கும் ஒழுங்காக இருந்தது, உன் கடிதம் வந்ததும் பசிக்க ஆரம்பித்துவிட்டது.

லைன் சரியில்லை என்றா சொன்னார்? அவர் குரல் எனக்குப் பக்கத்து அறையில் இருந்து கத்துவது போலக் கேட்டது. "அங்க பனி விழுந்துச்சா அத்தான்?" என்று கேட்டேன். "சாப்பிட்டோம், சாப்பிட்டோம்" என்றார். "அக்கா எங்க?" என்றேன். "ஆமாம்மா, நல்ல குளிர்" என்றார். சிரித்துச் சிரித்துப் போனை வைத்துவிட்டேன்.

நீ எழுதிய மற்றதற்குச் சிரிப்பு வரவில்லை. மலையடியிலேயே இருக்கிற உனக்கு ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற நான் மலையைப் பற்றிச் சொல்வது வேடிக்கைதான். ஆனாலும் கேள். பல் பல்லாக நிற்கிற உங்கள் ரம்ப மலையின் மேல்பாகம் வெள்ளைக்கல், இரும்பு மாதிரி கெட்டி. அதன் அடியில் இருப்பது சிலேட்டுக்கல், ஏடு ஏடாகப் பிரியும். இரண்டும் மட்டமாகப் படுத்திருந்தால் கவலையில்லை. தெற்குப் பக்கம் பள்ளத்தைப் பார்த்துச் சரிந்து கிடக்கின்றன, அலமாரியில் சாய்ந்து நிற்கிற புத்தகங்கள் மாதிரி. இத்தனை காலம் விரிசல்களுக்குள் இருந்த பனிக்கட்டிதான் அவற்றைச் சிமெண்டு போல ஒட்டிப் பிடித்திருந்தது. இப்போது அது உருகி ஓடுகிறது. மழைநீர் உள்ளே போகிறது, உறைந்து வீங்கி விரிசலை நெம்புகிறது, திரும்ப உருகுகிறது. மூன்றாம் பல்லின் பின்னால் விரிசலை அளக்க நாங்கள் பொருத்திய அளவிகள் இந்த மாதம் ஒருநாள்கூடச் சும்மா இருக்கவில்லை.

அந்த மலையின் ஆபத்தே அது சுலபமாக இருப்பதுதான். ஆணி அடித்துக் கயிறு போட்டு ஏறுகிற சுவராக இருந்தால் தெரிந்தவர்கள் மட்டும் வருவார்கள். இது கையும் காலும் ஊன்றித் தவழ்ந்தே உச்சிக்குப் போய்விடக்கூடிய மலை. கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கிளம்பி வந்துவிடுகிறார்கள். இந்த வருஷம் அத்தான் யாரையும் மூன்றாம் பல் பக்கம் கூட்டிப்போக வேண்டாம். நீ சொன்னால் கேட்பார்.

பதில் போடு.
சுண்டு

மார்ச் 11

என் சுண்டுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் சுகம். உனக்கு அனுப்பிய கம்பளிச் சட்டை அளவாக இருந்ததா?

பனி இல்லாததால் இந்த முறை ஆட்கள் சீக்கிரமே வர ஆரம்பித்துவிட்டார்கள். விடுதியில் கூட்டம். ஒருத்தர் குதிகால் செருப்போடு வந்து இறங்கினார், அத்தான் பார்த்த பார்வையில் அவரே போய்ப் பூட்ஸ் வாங்கிவந்துவிட்டார்.

ஒரு செய்தி. நானும் அவரோடு மேலே போகிறேன். ஆட்களுக்கு டீ, ரொட்டி கொடுக்க ஒரு கை வேண்டியிருக்கிறது. முட்டி ஒன்றும் சொல்லவில்லை. ஏறும்போது நன்றாக இருக்கிறது, இறங்கும்போது கொஞ்சம் முனகும். துணியை இறுக்கிச் சுற்றிக்கொள்கிறேன்.

மேலே காலையில் மேகம் நம் காலுக்குக் கீழே கிடக்கும். பார்த்தால் நீ வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாய்.

சாப்பிட்டாயா? அதை மட்டும் எழுது.
அக்கா

மார்ச் 20

அக்கா,

கம்பளிச் சட்டை பொருந்துகிறது. சாப்பிட்டேன். வயிறும் சரி. இப்போது நான் கேட்பதற்கு நீ பதில் சொல்.

பரணில் இருந்து ஒரு அண்டாவை இறக்க ஏணியில் ஏறமாட்டேன் என்று என்னை ஏற்றிவிட்டவள் நீ. முட்டியை அறுத்துத் தைத்து முழுசாக நடக்கவே உனக்கு ஒரு வருஷம் பிடித்தது. ரம்பத்தில் டீ கொடுக்கப் போகிறாயா? பிளாஸ்க் என்று ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்களே, அங்கே இன்னும் வரவில்லையா?

இத்தனை வருஷம் அத்தானுக்கு யாருடைய கையும் வேண்டியிருக்கவில்லை. ஏன் அக்கா போகிறாய்? மூன்றாம் பல் பற்றி எழுதினேனே, அதற்கும் ஒரு வரி இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம்.
சுண்டு

ஏப்ரல் 19

சுண்டு,

இருவரும் சுகம். நீ நலமா?

எத்தனை கேள்வி கேட்கிறாய்! வயசான காலத்தில் உன் அக்காவுக்கு ஒரு ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளேன்.

உன் அத்தான் நல்ல வாத்தியார். இரண்டு கை, இரண்டு கால், இந்த நாலில் மூன்று எப்போதும் பாறையில் இருக்க வேண்டும், ஒன்றைத்தான் நகர்த்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். முதலில் என் கை பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு வரவே வராது. இப்போது பிடியைக் கண்ணால் தேடுவதில்லை, விரலே கண்டுபிடிக்கிறது. உன் வெள்ளைக்கல் வெயிலில் சூடாக இருக்கும், சிலேட்டு எப்போதும் ஈரமாகச் சில்லென்று இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு எது எதுவென்று சொல்வேன்.

மூன்றாம் பல்லைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறோம். அவர் பார்த்துக்கொள்வார். நானும் பார்த்துக்கொள்வேன்.

அக்கா

மே 6

அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறதா என்று வழக்கமாகக் கேட்பேன். இந்த முறை அத்தானின் காது நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறேன்.

பல்லுக்கு வெள்ளி அடைக்க ஒரு டாக்டரிடம் போனேன். சுவரில் ரம்பத்தின் படம் மாட்டியிருந்தது. போன மாதம் போய்வந்தாராம், உங்கள் விடுதியில்தான் தங்கினாராம். நான் யாரென்று சொல்லவில்லை. வாயில் பஞ்சு இருந்தது, சொல்லவும் முடியாது. அவரே பேசினார். "அந்த வழிகாட்டிக்குப் பின்னாலயே அவர் வீட்டம்மா வர்றாங்க. ரெண்டு பேர் இடுப்புலயும் ஒரு மெல்லிசுக் கயிறு. மேல எங்கயாவது கல் உருண்டா அந்தம்மா ஒரு இழு இழுப்பாங்க, அவர் உடனே சுவத்தோட ஒட்டிக்குவார். நாங்க கூப்பிட்டா அவர் திரும்பறதே இல்ல. ரொம்ப கம்பீரமான மனுஷன்" என்றார்.

கம்பீரமாம். நான் அந்த நாற்காலியிலேயே அழுதேன். மருந்து உறைக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அத்தானுக்குக் காது கேட்கவில்லை. அவருடைய காதாகத்தான் நீ மேலே போகிறாய். மலையில் கல் முதலில் காதுக்குத்தான் வரும், அப்புறம்தான் கண்ணுக்கு. கேட்காத ஒருவர் மற்றவர்களைக் கூட்டிப்போகக் கூடாது. உடனே நிறுத்து. இல்லாவிட்டால் வழிகாட்டி உரிமம் கொடுக்கிற அலுவலகத்துக்கு நான் எழுதுவேன். தங்கை என்று பார்க்காதே, நானும் அக்கா என்று பார்க்கமாட்டேன்.

சுண்டு

மே 17

சுண்டு,

நீ எழுதியது சரி. உன்னிடம் மறைத்தது எனக்குச் சுமையாகத்தான் இருந்தது. பல் வலி குறைந்ததா?

போன வருஷம் விறகு வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கொட்டகையின் தகரம் முழுசாகச் சரிந்து விழுந்தது. நான் அலறிக்கொண்டு ஓடிவந்தேன், கோழிகள் எல்லாம் பறந்தன. அவர் அடுத்த கட்டையை எடுத்து வைத்து வெட்டினார். என் நிழலைப் பார்த்துத்தான் நிமிர்ந்தார். "என்ன?" என்றார். நான் தகரத்தைக் காட்டினேன். தகரத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கோடரியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார். அவ்வளவுதான் சுண்டு. வாலிபத்தில் குவாரியில் வெடி வைத்த காது, கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது.

காதுக்கு மிஷின் வாங்கினோம். வீட்டுக்குள் பரவாயில்லை. மேலே காற்றடித்தால் காதுக்குள் லாரி ஓடுவதுபோல இருக்கிறது என்று கழற்றிவிட்டார்.

இந்த மலையை எடுத்துவிட்டால் அவரிடம் என்ன மிச்சம் இருக்கும்? கீழே இருக்கும்போது யாரோடும் பேசுவதில்லை. மேலே போனால்தான் பழைய மனுஷனாக இருக்கிறார், பாட்டுக்கூடப் பாடுகிறார், சுருதி எங்கேயோ போகிறது. இந்த ஒரு பருவம் மட்டும் விடு. இலையுதிரும்போது நானே சொல்லி நிறுத்திவிடுகிறேன். கயிறு என்று டாக்டர் சொன்னது துணி காயப்போடுகிற கொடிதான். நல்ல கயிறு கனம், பல்லிடுக்கில் சிக்கும்.

நீ எழுதினால் அவர் உயிரோடு இருந்தும் இல்லாத மாதிரிதான். எழுதாதே.

அக்கா

ஜூலை 8

அக்கா,

சுகமாக இருக்கிறாயா? முட்டி வீங்கியிருக்கிறதா? உண்மையைச் சொல்.

உரிம அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். உறை ஒட்டி, தபால்பெட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். உன் வார்த்தையை மீற எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

ஆனால் இதைக் கேள். போனில் உன்னைப் பிடிக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். போன வார மழைக்குப் பிறகு மூன்றாம் பல்லின் விரிசல் ஒரே தாவலாக அகன்றிருக்கிறது. இத்தனை வருஷத்தில் இப்படிப் பார்த்ததில்லை. மலையை மூடச் சொல்லி என் மேலதிகாரியிடம் சண்டை போட்டேன். "முழுசா மூடிட்டா அந்த ஊரே நம்ம மேல பாயுமே" என்றார். "பாறை பாஞ்சா பரவாயில்லையா சார்?" என்று கேட்டேன். கடைசியில் ரம்பத்தை மூடச் சம்மதித்துவிட்டார். இயக்குநர் ஊரில் இல்லை, வந்ததும் கையெழுத்தாகும். அதுவரைக்கும் நீயும் அத்தானும் போகாதீர்கள். பெரிய மழை பெய்து மறுநாள் வெயில் அடித்தால் கண்டிப்பாகப் போகாதீர்கள். அத்தானிடம் இதைக் காட்டு.

உன் காலில் விழுந்து கேட்கிறேன்.
சுண்டு

ஆகஸ்ட் 2

அத்தானுக்கு,

அக்காவை அடக்கம் செய்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? பக்கத்து விடுதிக்காரம்மா சோறு கொண்டுவந்து கொடுப்பதாகச் சொன்னார். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கே இருந்த நாட்களில் உங்களிடம் என்னென்னவோ கேட்டேன். உங்களுக்குக் கேட்கவில்லையா, கேட்டும் பேசவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு உங்களோடு மேலே வந்த மருந்துக்கடைக்காரரும் நான் வருவதற்குள் ஊருக்குத் திரும்பிவிட்டார். கல் விழுந்தது, அக்கா போய்விட்டாள் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. எழுதினால் படிப்பீர்கள் அல்லவா? என்ன நடந்தது என்று எழுதுங்கள். என் கடிதம் அங்கே வந்ததா, இல்லையா? அதை நான் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது.

மலையை மூடும் உத்தரவில் கையெழுத்தாகிவிட்டது. அக்காவைப் புதைத்து மூன்றாம் நாள்.

சுண்டு

செப்டம்பர் 4

சின்னவளுக்கு,

நான் இருக்கிறேன். நீ நலமாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, எல்லாம் அவள்தான் எழுதுவாள். இதை எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது.

உன் கடிதம் வந்தது. அவள் என்னிடம் மறைக்கவில்லை. என் எதிரே உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து, "மூணாம் பல் அசையுதாம். மூடப் போறாங்களாம். நாளைக்கு வேணாங்க" என்று சொன்னாள். மருந்துக்கடைக்காரர் அன்றைக்கே வந்து இறங்கிவிட்டார். மூடினால் திறக்கும்போது உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்வார்கள், காதைச் சோதிப்பார்கள். அதுதான் என் கடைசி ஏற்றம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதைக் கைவிட மனசு வரவில்லை. "பாறை விழறதா இருந்தா எனக்குச் சொல்லும். இத்தனை வருஷம் சொல்லலையா?" என்றேன்.

"சொல்லும். ஆனா எனக்குத்தான் சொல்லும்" என்றாள். காலுக்குச் சுற்றத் துணி எடுக்க எழுந்து போனாள்.

மழை விட்டு வெயில் அடித்த காலை. மூன்றாம் பல்லின் அடியில் ஒரு குறுகலான விளிம்பு இருக்கிறது, உனக்குத் தெரியும். நான் முன்னால், எனக்குப் பின்னால் அவள், கடைசியில் மருந்துக்கடைக்காரர். கொடி வெட்டி இழுத்தது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அப்படித்தான் பழகியிருந்தோம், இழுத்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது, ஒட்டிக்கொள்ள வேண்டும். என் முதுகில் காற்று பட்டது. வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. திரும்பியபோது மருந்துக்கடைக்காரர் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் யாரும் இல்லை.

கீழே வந்தபின் அவர் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். சத்தம் கேட்டதும் அந்தம்மா ஒரு கையைப் பாறையிலிருந்து எடுத்துக் கொடியை இழுத்தார், நீங்கள் அசையவில்லை, இன்னொரு முறை இழுத்தார் என்று. எனக்குத் தெரிந்தது ஒரு இழுப்புதான். முதல் இழுப்பு எனக்கு வந்து சேரவே இல்லை. இன்னொரு முறை இழுத்த நேரத்தில் அவளும் இரண்டு கையாலும் ஒட்டிக்கொண்டு தப்பியிருக்கலாம்.

கொடி என் இடுப்பிலிருந்து ஒரு முழம் தாண்டி அறுந்திருந்தது. நல்ல கயிறு கட்டலாம் என்று நான் அப்போதே சொன்னேன். சிக்கும் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். நல்ல கயிறாக இருந்திருந்தால் அவளைப் பிடித்திருப்பேன், இல்லாவிட்டால் அவளோடு போயிருப்பேன். எது நடக்கும் என்று யோசித்துத்தான் அவள் கொடியை எடுத்தாள் என்று இப்போது புரிகிறது.

இதுதான் நடந்தது. அலுவலகத்திலும் இதையேதான் சொன்னேன். உரிமத்தை நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அத்தான்

செப்டம்பர் 16

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உடம்பு எப்படி இருக்கிறது?

உங்களைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன், கிழித்துப் போட்டேன். தபால்பெட்டி வரைக்கும் போய்த் திரும்பிய என்னைத் திட்டி எழுத ஆரம்பித்தேன், அதையும் முடிக்கவில்லை. உங்கள் பெருமையும் என் கோழைத்தனமும் சேர்ந்து அவளைத் தள்ளிவிட்டன என்று தோன்றுகிறது. மலை என்ன செய்யும், அது சொல்லிக்கொண்டேதான் இருந்தது.

என் வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது. இங்கே வந்துவிடுங்கள். அக்கா இருந்தால் உங்களைத் தனியாக விடாதே என்று சொல்லியிருப்பாள், அதற்காகக் கூப்பிடுகிறேன். என் மனசு இன்னும் உங்களைக் கூப்பிடவில்லை. பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

சுண்டு

நவம்பர் 23

சின்னவளுக்கு,

நலமா? இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. பனி இல்லை, மழைதான். நான் பரவாயில்லை.

கூப்பிட்டதற்குச் சந்தோஷம். உன் மனசு கூப்பிடும்போது வருகிறேன். கூப்பிடாவிட்டாலும் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாம் பல் விழுந்துவிட்டது. உன் அளவி சொல்லியிருக்கும். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், தரை நடுங்கி உள்ளங்காலில் ஏறியது, டம்ளரில் தண்ணீர் ஆடியது. வெளியே வந்து பார்த்தபோது ஊரே தெருவில் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தது. மலை முழுக்கத் தூசி. அது அடங்கியபின் ரம்பத்தில் ஒரு பெரிய பொக்கை தெரிந்தது. மேலே யாரும் இல்லை. விளிம்பும் இப்போது இல்லை, அவள் நின்ற இடமும் இல்லை.

நான்காம் பல்லும் நிற்காது என்று உன் ஆபீஸ் ஆட்கள் எழுதிக் காட்டினார்கள். பாதை தொடங்குகிற இடத்தில் ஏறக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஆனாலும் வருகிறார்கள். விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வருகிறார்கள். பலகையைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

அதனால் நான் விடிந்ததும் அங்கே போய்விடுகிறேன். என்னைப் பார்த்ததும் பேச ஆரம்பிக்கிறார்கள். சிலர் கெஞ்சுகிறார்கள், சிலர் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போடுகிறார்கள், வந்த தூரத்தைச் சொல்கிறார்கள் போலிருக்கிறது. எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. பாதையின் நடுவில் நின்றுகொள்கிறேன். அவர்கள் வாய் ஓயும்வரைக்கும் நிற்கிறேன். அப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போகிறார்கள்.

அத்தான்